டைல்ஸுக்கு மேலே உப்பு பூக்கும் பாத்ரூமில் பி.வி.சி. பேனல் அடிக்கலாமா?

கேள்வி இதுதான். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 18 வருடம் ஆன சொந்த வீடு, தரைத்தளம். பாத்ரூம் 7 அடிக்கு 5 அடி. சுவரில் 4 அடி வரை டைல்ஸ், அதற்கு மேல் பெயின்ட். டைல்ஸ் முடிகிற இடத்திலிருந்து ஒரு முழம் உயரத்துக்கு உப்பு பூத்து, பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் அம்மா படுக்கிற அறை. டைல்ஸை உடைக்காமல், தரையிலிருந்து சீலிங் வரை மார்பிள் டிசைன் பி.வி.சி. பேனல் அடித்துவிடலாம், இரண்டு நாள் வேலை என்று புதுச்சேரியில் ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். செய்யலாமா? செய்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

தம்பி, செய்யலாம். ஆனால் கடைக்காரர் சொன்ன மாதிரி வேண்டாம், உடனேயும் வேண்டாம். புதுச்சேரி, கடலூர் இரண்டு பக்கமும் 20 வருடமாக வீட்டு உள்வேலை எடுத்துச் செய்கிறேன். பேனல் எனக்குப் பிடித்த பொருள்தான். ஈரச் சுவரை மூடுவதற்கு அதைப் பயன்படுத்தும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது. உங்கள் கேள்வியில் உங்களுக்கே தெரியாமல் முக்கியமான தகவலைச் சொல்லிவிட்டீர்கள்: உப்பு பூப்பது டைல்ஸ் முடிகிற இடத்தில்.

அந்த இடத்தில் ஏன் பூக்கிறது என்று பாருங்கள். செங்கல் சுவருக்குள் ஈரம் எந்த வழியாக வந்தாலும் சரி, அது வெளியேறியாக வேண்டும். சுவரின் மேற்பரப்பில் காற்றுப் பட்டு ஆவியாகும்போது, தண்ணீர் போய்விடும், அதில் கரைந்திருந்த உப்பு மட்டும் அங்கேயே தங்கும். அதுதான் வெள்ளையாகப் பூப்பது. உங்கள் சுவரில் கீழே 4 அடிக்கு டைல்ஸ் இருப்பதால் அந்த வழியாக ஈரம் வெளியேற முடியவில்லை. மேலே ஏறி, டைல்ஸின் விளிம்பைத் தாண்டியதும் கிடைத்த முதல் திறந்த இடத்தில் வெளியே வருகிறது. இப்போது அந்த இடத்தையும் சீலிங் வரை பேனலால் மூடினால் என்ன ஆகும்? ஈரத்துக்கு மிச்சமிருக்கிற வழி மறுபக்கம் மட்டும்தான். அடுத்த கார்த்திகைக்குள் அம்மா கட்டிலுக்குப் பின்னால் உப்பு பூக்கும். பாத்ரூம் பளபளவென்று இருக்கும், படுக்கையறையில் ஓதம் ஏறும். வயதானவர் இரவெல்லாம் மூச்சு விடுகிற அறை அது.

நம்ம கடற்கரைப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. வீடு கட்டும்போது உப்புத் தண்ணீர் போர் போட்டுக் கலவை கலந்து, அதே தண்ணீரில் க்யூரிங் (சிமென்ட் இறுக நனைத்து வைப்பது) செய்திருந்தால், அல்லது மணல் சரியில்லாமல் இருந்திருந்தால், உப்பு சுவருக்குள்ளேயே குடியிருக்கும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடலூரிலும் புதுச்சேரியிலும் வருடத்தில் பல மாதம் விடியற்காலையில் அந்த ஈரப்பதம் இருக்கும். அதனால் எந்தக் குழாயும் ஒழுகாமலேயே சில சுவர்கள் வேர்க்கும். அப்படிப்பட்ட சுவரை எத்தனை தரம் பெயின்ட் அடித்தாலும் நிற்காது. பேனல் அடித்தால் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே முதல் வேலை, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். இரண்டு நாள் பாத்ரூமைப் பயன்படுத்தாமல் விடுங்கள். உப்பு பூத்த இடத்தைச் சுரண்டித் துடைத்துவிட்டு, ஒன்றரை அடி சதுரத்துக்கு ஒரு தெளிவான பாலிதீன் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுநாள் சாயங்காலம் பாருங்கள். தாளுக்கு உட்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரம் என்றால் அது காற்றிலுள்ள ஈரம் படிந்தது, காற்றோட்டம் கொடுத்தால் தீரும். இதையே படுக்கையறைப் பக்கமும் ஒன்று ஒட்டிப் பாருங்கள்.

அதே இரண்டு நாளில் இன்னும் இரண்டு சோதனை. இரவு 10 மணிக்கு மோட்டாரை அணைத்து, மேல் டேங்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்தை ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரும் குழாயைத் திறக்க வேண்டாம். விடியற்காலை மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ சுவருக்குள் குழாய் ஒழுகுகிறது. பாத்ரூமுக்குப் போகிற கேட் வால்வை மூடிவிட்டு மறுநாள் இரவும் பாருங்கள், எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அடுத்தது தரை. நானி டிராப்பை, அதாவது தரைத் தண்ணீர் வெளியேறுகிற ஜாலித் துளையை, துணி வைத்து அடைத்து, வாசற்படிக்கு ஒரு சிறு மண் வரப்பு கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்குங்கள். 24 மணி நேரம் கழித்து அரை அங்குலத்துக்கு மேல் குறைந்தால் தரையோ மூலையோ குடிக்கிறது. 18 வருட பாத்ரூமில் பெரும்பாலும் தரையும் சுவரும் சேர்கிற மூலையில் க்ரவுட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கிற பூச்சு) போயிருக்கும், அல்லது நானி டிராப்பைச் சுற்றி சிமென்ட் விலகியிருக்கும்.

வெளிச்சுவரையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சன்ஷேடு மேல் தண்ணீர் நிற்கிறதா, கழிவுக் குழாய் சுவரில் நுழையும் இடம் விரிந்திருக்கிறதா, வென்டிலேட்டர் ஓரம் திறந்திருக்கிறதா. நமக்கு வடகிழக்குப் பருவமழை கிழக்கிலிருந்து காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது, அதுவரை ஒரு சொட்டுக் கசியாத சுவர்களெல்லாம் உள்ளே நனைந்ததை இந்த ஊரில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் என் சித்தி வீடு. தேவனாம்பட்டினத்தில், கடலிலிருந்து நடக்கிற தூரம். 2014-ல் அவர் பாத்ரூமுக்கு நான்தான் பேனல் அடித்தேன். சுவர் லேசாக ஓதமாக இருந்தது தெரியும். மரச்சட்டம் அடித்து, அதன்மேல் பேனல் ஏற்றி, எல்லா ஓரத்தையும் சிலிகான் போட்டு அடைத்துவிட்டேன். கிரகப்பிரவேசம் மாதிரி எல்லோரும் வந்து பார்த்தார்கள். இரண்டு மழைக்காலம் போனது. சித்தி போனில், "பினாயில் எவ்வளவு ஊத்தினாலும் நாத்தம் போகமாட்டேங்குதுடா" என்றார். போய் மூலைப் பட்டையைக் கழற்றி முதல் பேனலை இழுத்தேன். பின்பக்கம் முழுக்கக் கறுப்பு பூஞ்சை, விரலால் தொட்டால் கரி மாதிரி ஒட்டியது. மரச்சட்டத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் நனைந்த ரொட்டி மாதிரி உள்ளே போனது. ஸ்க்ரூவின் தலை துருவாகிக் கையோடு வந்தது. கீழ்ப் பட்டைக்குள் தண்ணீர் தேங்கி அதில் கரப்பான் குடும்பம் நடத்தியது. பேனல் மட்டும் முதல் நாள் போலவே இருந்தது. அதற்கு ஒன்றும் ஆகாது. அதன் பின்னால் இருப்பதற்குத்தான் எல்லாமே ஆகும். அன்றைக்குப் பிறகு ஈரச் சுவரில் நான் பேனல் தொடுவதில்லை.

இனி, சுவரைச் சரிசெய்வது. குழாய் ஒழுகினால் குழாய், தரை ஒழுகினால் தரை, அதை முதலில் முடியுங்கள். பிறகு டைல்ஸுக்கு மேலே உப்பு ஏறிய பூச்சையும், அதற்கு மேல் இன்னும் ஒரு முழம் நல்ல பூச்சையும் சேர்த்து, செங்கல் தெரியும்வரை கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். கொத்தனார் நல்ல பகுதியை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்பார். உப்பு கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நிற்பதில்லை. செங்கல்லை வயர் பிரஷ்ஷால் உலர்வாகவே தேய்த்து, உதிர்ந்த தூளைக் கூட்டி வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். அப்படியே மூன்று நான்கு வாரம் திறந்து கிடக்கட்டும். தினமும் ஃபேன் போடுங்கள். இந்தக் காத்திருப்புதான் யாருக்கும் பிடிக்காத வேலை, ஆனால் எல்லாப் பலனும் இதில்தான் இருக்கிறது. பொங்கல் முடிந்து சித்திரைக்குள் செய்தால் சுவர் தானாகக் காயும். ஐப்பசி, கார்த்திகையில் கொத்தினால் பங்குனி வரை காயாது.

காய்ந்த பிறகு நல்ல தண்ணீர், கழுவிய மணல், வாட்டர்ப்ரூஃப் கலவை சேர்த்த சாந்து கொண்டு பூசுங்கள். க்யூரிங்குக்கும் நல்ல தண்ணீர்தான், போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கேன் தண்ணீர் வாங்கினாலும் தப்பில்லை. ஒரு வாரம் நனைத்து, இரண்டு மூன்று வாரம் காயவிட்டு, அதன்மேல் சிமென்டும் பாலிமர் திரவமும் கலந்து பூசுகிற இரண்டு பொருள் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங். முதல் கோட் குறுக்காக, இரண்டாவது கோட் நெடுக்காக. ஷவர் இருக்கிற சுவரில் 7 அடிக்குக் குறையாமல். ஷவர் மூலையில் நாடா வைத்துப் பூசச் சொல்லுங்கள், மூலைதான் முதலில் வெடிக்கும்.

இப்போது பேனலுக்கு வருவோம். கடையில் பேனல் என்ற ஒரே பெயரில் அடுக்கி வைத்திருப்பவை எல்லாம் ஒன்றல்ல. 10 அங்குல அகலம், 10 அடி நீளத்தில் உள்ளே அறை அறையாக வெற்றிடம் இருக்கிற பி.வி.சி. பேனல், 8 அடிக்கு 4 அடியில் கல் தூள் கலந்த மார்பிள் ஷீட், வரி வரியாகப் பள்ளம் வைத்த டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) லூவர், அதே தோற்றத்தில் கறுப்பு உள்பாகத்தோடு வருகிற சார்கோல் பேனல், பிறகு எம்.டி.எஃப். பலகையில், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகையில் செய்தவை. கடைசியில் சொன்னது பாத்ரூம் பக்கமே வரக்கூடாது, நீராவி பட்டாலே ஊதிவிடும். லூவரும் சார்கோலும் ஹாலுக்கு அழகு. பாத்ரூமில் வாஷ்பேசின் பின்னால் ஒரு சிறு பகுதிக்கு வைக்கலாம், ஆனால் அந்தப் பள்ளங்களில் சோப்பும் உப்பும் படிந்தால் பல் துலக்கும் பிரஷ் வைத்துத்தான் தேய்க்க வேண்டும். "மரைன் ப்ளைவுட் அடித்து அதன்மேல் ஒட்டுகிறோம்" என்று யாராவது சொன்னால் பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.எஸ். 303 என்பது சாதாரண ப்ளைவுட். 710 என்றாலும் நம் ஊர் பாத்ரூமுக்கு நான் மரத்தைத் தரமாட்டேன், கரையானும் இருக்கிறது.

உங்களுக்கு 10 அங்குல பி.வி.சி. பேனலே போதும். நிறம் மட்டும் ஒரு வார்த்தை. கறுப்பு மார்பிள், பளபளப்பு வேண்டாம். கடை விளக்கில் கண்ணைப் பறிக்கும். வீட்டில் போர்த் தண்ணீர் தெறித்துக் காய்ந்தால் மூன்றாம் நாளே வெள்ளைப் புள்ளி விழும். வெளிர் நிறம், மேட் ஃபினிஷ் எடுங்கள்.

தரையிலிருந்து சீலிங் வரை என்பதை விட்டுவிடுங்கள். 4 அடி டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். சத்தம் கெட்டியாக வந்தால் அது நல்ல டைல்ஸ், அது அங்கேயே இருக்கட்டும். பழைய க்ரவுட்டைச் சுரண்டி எபாக்ஸி க்ரவுட் போட்டால் புதிது போலாகும். ஒன்றிரண்டு டைல்ஸில் உள்ளே காலியாக இருக்கிற சத்தம் வந்தால் அவற்றை மட்டும் மாற்றுங்கள். வாளியில் மொண்டு குளிக்கிற தண்ணீர், மூலையில் விழுகிற துடைப்பம், அம்மா உட்கார்ந்து குளிக்கிற ஸ்டூலின் கால் இதெல்லாம் 4 அடிக்குள்தான். அந்த அடியைத் தாங்குவது டைல்ஸ். பேனல் அதற்கு மேலே நிற்கட்டும். இன்னொரு காரணமும் உண்டு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறிய பிறகு, சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி நம் ஊரோரம் புகுந்ததே, அப்போது தரைவரை பேனல் அடித்திருந்த வீடுகளில் உள்வெற்றிடம் முழுக்கச் சேறு ஏறிக்கொண்டது. அதைக் கழுவ வழியே இல்லை, கழற்றித்தான் போட வேண்டும்.

டைல்ஸுக்கு மேலே பேனலை எப்படி உட்கார வைப்பது? ஓட்டுவீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறியிருக்கும், அதனால் தண்ணீர் வெளியே வழியும். அதே மாதிரி பேனலின் கீழ் விளிம்பு டைல்ஸின் மேல் விளிம்பைத் தாண்டி 2 அங்குலம் இறங்கி வர வேண்டும். பேனலில் தெறிக்கிற தண்ணீர் டைல்ஸ் முகத்தில்தான் விழும், பின்னால் போகாது. உங்கள் சீலிங் 9 அடி என்றால், பேனல் 3 அடி 10 அங்குலத்தில் தொடங்கி 8 அடி 10 அங்குலத்தில் முடியட்டும். மேலே 2 அங்குலம் திறந்திருக்கட்டும். கீழேயும் மேலேயும் திறப்பு இருந்தால் பேனலுக்குப் பின்னால் காற்று ஓடும், சுவர் மூச்சு விடும். அந்தத் திறப்புகளில் நைலான் வலை வைத்துவிட்டால் கரப்பான், பல்லி வராது.

இப்படி எடுத்தால் பேனலின் உயரம் சரியாக 5 அடி. 10 அடி பேனலை நடுவில் அறுத்தால் இரண்டு துண்டு, வீணே இல்லை. 7 அடிச் சுவர் என்பது 84 அங்குலம். எட்டு முழுத் துண்டும் கடைசியில் 4 அங்குலச் சில்லும் வைத்தால் ஒரு மூலை அசிங்கமாகத் தெரியும். நடுவில் ஏழு முழுத் துண்டு, இரண்டு ஓரத்திலும் 7 அங்குலம் வைத்தால் சுவர் பார்க்க ஒழுங்காக இருக்கும். இரண்டு முறையிலும் துண்டு ஒன்பதுதான். இரண்டு 7 அடிச் சுவருக்குப் பதினெட்டு, கதவில்லாத 5 அடிச் சுவருக்கு ஆறு, கதவுச் சுவரில் இரண்டரை அடி கதவு போக மூன்று, ஆக 27 துண்டு. கதவு 7 அடி உயரம் என்றால், அதற்கு மேலே 22 அங்குலத்தில் மூன்று சிறுதுண்டு வேண்டும், அதற்கு இரண்டு 5 அடித் துண்டு. மொத்தம் 29 துண்டு, 15 பேனல். இரண்டு உபரியாக வைத்து 17 வாங்குங்கள். கடையில் சதுர அடிக் கணக்குப் போட்டால் 112 வரும். 15 பேனலின் பரப்பு 125. பில் போடும்போது அறை அளவில் விலையா, வாங்கும் பேனல் எண்ணிக்கையில் விலையா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மூலைப் பட்டை, ஓரப் பட்டை தனிக்கணக்கு, அது அடி விலையில் வரும், பலர் அதை எஸ்டிமேட்டில் சொல்லாமல் விடுவார்கள்.

பேனலை நேராகச் சுவரில் பசை போட்டு ஒட்டச் சொல்லாதீர்கள். 20 மி.மீ. தடிமனில் பி.வி.சி. அல்லது டபிள்யூ.பி.சி. சட்டம் குறுக்காக அடித்து அதன்மேல் ஏற்றட்டும். 5 அடி உயரத்துக்கு 15 அங்குலத்துக்கு ஒன்று என ஐந்து வரிசை. குறுக்குச் சட்டத்தை ஒரே நீளமாக அடித்தால் காற்றும் வழிகிற தண்ணீரும் அதில் தடுக்கி நிற்கும். அதனால் 3 அடிக்கு ஒரு இடத்தில் ஓர் அங்குலம் இடைவெளி விட்டு அடிக்கச் சொல்லுங்கள். என் சித்தி வீட்டில் நான் விட்ட தவறுகளில் இதுவும் ஒன்று. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சேனல் மலிவு, ஆனால் அறுத்த முனையிலிருந்து துரு தொடங்கும். ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகு, அதாவது எஸ்.எஸ். 304, கடலுக்குப் பக்கத்து வீடென்றால் 316. டைல்ஸ் மேல் வருகிற கீழ்ச் சட்டத்துக்கு மட்டும் டைல்ஸின் தடிமன் கழித்து மெல்லிய சட்டம் வேண்டும், இல்லாவிட்டால் பேனல் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்துச் சட்டம் அடிக்கும்போதே சரிபாருங்கள். 18 வருடச் சுவர் நேராக இருக்காது, சட்டத்துக்குப் பின்னால் சிம் (மெல்லிய சில்லு) வைத்து அதைச் சரிகட்ட வேண்டும். பேனல் ஏறிய பிறகு கோணலைத் திருத்த முடியாது.

பி.வி.சி. வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.06 மி.மீ. அளவில். 7 அடிச் சுவர் முழுக்கச் சேர்த்தால் 20 டிகிரி ஏற்றத்துக்கு இரண்டரை மி.மீ. வரும். மார்கழிக் குளிரில் மூலைக்கு மூலை இறுக்கி அடித்த பேனல் கத்திரியில் வயிறு முன்னால் தள்ளி நிற்பது இதனால்தான். இரண்டு மூலையிலும் பட்டைக்குள் 3 மி.மீ. விடச் சொல்லுங்கள். பேனலை வாங்கி வந்ததும் இரண்டு நாள் வீட்டுக்குள் படுக்க வைத்துவிட்டு அடிப்பதும் நல்லது.

தண்ணீர் உள்ளே போவது பேனலின் நடுவில் அல்ல, ஓட்டை போட்ட இடங்களில். ஷவர், டைவெர்ட்டர், ஆங்கிள் காக், கண்ணாடி ஸ்க்ரூ. குழாய்க்கு ஓட்டை போடும்போது குழாயைவிட 4, 5 மி.மீ. பெரிதாக ஹோல் சா வைத்து வட்டமாக எடுத்து, சுற்றிலும் சிலிகான் நிரப்பி, அதன்மேல் பித்தளை மூடியை அழுத்த வேண்டும். சிலிகானில் இரண்டு வகை. வினிகர் வாடை அடிப்பது உலோகத்தை அரிக்கும், சிமென்டில் சரியாக ஒட்டாது. வாடையில்லாத நியூட்ரல் வகையில் பூஞ்சை தடுப்பு சேர்த்தது, டியூபில் நியூட்ரல், சானிட்டரி இரண்டும் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். போட்டு 24 மணி நேரத்துக்குத் தண்ணீர் படக்கூடாது. சாயங்காலம் போட்டுவிட்டு, "காலையில குளிக்கலாம் சார்" என்று சொன்னால் கேட்காதீர்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இதே வேலையோடு அவருக்குக் கைப்பிடி வைத்துவிடுங்கள். கமோடு பக்கத்தில் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று, தரையிலிருந்து 80 முதல் 90 செ.மீ. உயரத்தில். அது டைல்ஸ் பகுதிக்குள்தான் வரும், செங்கல்லுக்குள் நீளமான ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கலாம், ஓட்டைக்குள் சிலிகான் நிரப்பி. கீழேயும் பேனல் அடித்திருந்தால் இதற்கு இடமே இருந்திருக்காது. வெறும் பேனலில் மாட்டிய கைப்பிடி, வழுக்குகிற நேரத்தில் பேனலோடு சேர்ந்து கையோடு வரும். மேலே கீசர், கண்ணாடி, டவல் கம்பி எதுவானாலும் அதன் எடை பேனலில் ஏறக்கூடாது. 15 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. கீசர் வரும் இடத்தில் பேனலுக்குப் பின்னால் கெட்டியான டபிள்யூ.பி.சி. கட்டை வைத்து, போல்ட் அதைத் தாண்டிச் சுவருக்குள் போக வேண்டும். கீசர் லைனுக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் வந்திருக்கும்போதே போட்டுவிடுங்கள்.

பேனல் ஏறுவதற்கு முன் நான்கு சுவரையும், குழாயும் ஒயரும் போகிற இடத்தில் டேப் அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்து ஓட்டை போட வரும் பிளம்பருக்கு அந்தப் போட்டோதான் கண்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாமல் இத்தனையும் செய்து பயனில்லை. 6 அங்குல ஃபேன் இந்த அறைக்குத் தாராளம். குளித்து முடித்த பிறகும் 20 நிமிடம் ஓடட்டும். கதவுக்கு அடியில் அரை அங்குலம் இடைவெளி வேண்டும், உள்ளே காற்று வந்தால்தான் வெளியே போகும்.

இதைப் படிக்கிற புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முத்தியால்பேட்டையிலோ ராஜ் பவன் பக்கமோ சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடு என்றால், மேலே சொன்ன சிமென்ட் பூச்சும் கோட்டிங்கும் அப்படியே செய்யாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி விடுகிற சுவர். சிமென்டாலோ பிளாஸ்டிக்காலோ அதை மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, நூறு வருடம் நின்ற செங்கல்லை மாவாக்கிவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். பாத்ரூமுக்குப் பின்கட்டில் தனியாகச் சுவர் எழுப்பிக்கொள்வது இன்னும் நல்லது.

தம்பி, பேனலைத் துடைக்க ஈரத்துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், ஸ்டீல் நார் இவை அதன் மேல்தோலை எடுத்துவிடும். டைல்ஸுக்கு ஆசிட் ஊற்றுகிற பழக்கம் வீட்டில் இருந்தால் நிறுத்துங்கள், அந்தப் புகை ஸ்க்ரூவையும் குழாயையும் தின்னும். வருடத்துக்கு ஒரு முறை, ஐப்பசிக்கு முன்னால், மேல் திறப்பில் டார்ச் அடித்து உள்ளே ஒரு பார்வை பாருங்கள். மறுபடி உப்பு தெரிந்தால் அப்போதே எனக்கு எழுதுங்கள், இரண்டு பேனலைக் கழற்றிப் பார்த்தால் போதும். உபரியாக வாங்கிய அந்த இரண்டு பேனலையும் பரணில் சுவரோரம் சாய்த்து வைக்காமல், தட்டையாகப் படுக்க வைத்துவிடுங்கள். சாய்த்து வைத்தால் வளைந்துவிடும், அடுத்த வருடம் அதே டிசைன் கடையில் கிடைக்காது.